வேப்பங்கொத்துக் கணக்கு

பஸ் வராத ஊருக்குப் பெண் கொடுப்பதில்லை என்று பரசுராமன் சொன்னபோது, நாங்கள் கும்மிடிப்பூண்டியில் அவர் வீட்டுக் கூடத்தில் பழத்தட்டுக்கு முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தோம். 1969ஆம் வருஷம், சித்திரை மாதம். ஜாதகம் பொருந்திவிட்டது. என் மகன் துளசிராமனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது, அவர்களுக்கும் அவனைப் பிடித்துவிட்டது. கேசரியும் சாப்பிட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் அதைச் சொன்னார்.

தும்பைப்பேட்டில் எங்கள் குடும்பத்துக்குப் பெரிய வீடு என்று பெயர். வீடு ஒன்றும் அத்தனை பெரியதில்லை. சொன்ன சொல் மாறாத வீடு என்பதால் வந்த பெயர். பெண் கேட்டுப் போய் இல்லையென்ற பதிலோடு திரும்பியவர் எங்கள் வம்சத்தில் கிடையாது.

பரசுராமன் ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க். வண்டிச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகியதால் வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. எங்க குணசுந்தரி ஊத்துக்கோட்டை ஆஸ்பத்திரில நர்ஸு. உங்க ஊர்லருந்து மெயின் ரோட்டுக்கு மூணு மைலு. நடுவுல மணல் ஓடை வேற. தெனமும் அது எப்படிப் போய் வரும்?"

"எங்க ஊட்ல வில்வண்டி கீது," என்றேன். "பொண்ணு காலு தரையில படாது."

"வண்டி கீது, சரி. உங்க மாடு ஆடி அசைஞ்சி போய்ச் சேர்றதுக்குள்ள, பிரசவத்துக்கு வந்தவ புள்ளையைப் பெத்து, பேரு வெச்சி, ஊட்டுக்கே போயிருப்பா."

உள்ளே பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் குணசுந்தரியின் சிரிப்பும் இருந்தது என்று என் மனைவி கெங்கம்மாள் பிறகு சொன்னாள். அதை அவள் குறையாகச் சொல்லவில்லை.

நான் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டேன்.

"வர்ற தை மாசத்துக்குள்ள எங்க ஊருக்கு பஸ்ஸு வரும். அந்த பஸ்ஸுலயே வந்து உங்க பொண்ணை அழைச்சிக்கினு போறேன். அதுவரைக்கும் தட்டு இங்கயே இருக்கட்டும்."

தட்டை விட்டுவிட்டு வருவது என்றால் எங்கள் பக்கத்தில் சொல்லை அடகு வைத்துவிட்டு வருவது என்று அர்த்தம். பரசுராமனுக்கும் அது தெரியும். தட்டை எடுத்து சாமி அலமாரிக்குக் கீழே வைத்தார். "தை வரைக்கும் வேற எடம் பாக்க மாட்டேன். தை போச்சின்னா என்னைக் கேக்கக் கூடாது," என்றார். நியாயமான பேச்சுதான்.

திரும்பும்போது ரயில் கவரைப்பேட்டையைத் தாண்டியது. பிறகு தேசப்பன் வாயைத் திறந்தான். அவன் எனக்குப் பங்காளி, தம்பி முறை. கலியாணமோ கருமாதியோ, அவன் வாய் சும்மா இருக்காது.

"அண்ணா, பஸ்ஸு உன் ஜேப்புல கீதா, இல்ல ஊட்டுப் பரண் மேல கீதா? சொன்னா நான் போய் எறக்கியாந்துடுவேன்."



மறு வாரமே ஊத்துக்கோட்டை பஸ் முதலாளியைப் போய்ப் பார்த்தோம். அவர் மரியாதை தெரிந்தவர், நாற்காலி போட்டு சோடா வாங்கிக் கொடுத்தார். ஆனால் கணக்கில் கெட்டி.

"அறுபத்தொண்ணு ஜனக்கணக்குல உங்க ஊரு ஐந்நூறைத் தொடலீங்களே. ஐந்நூறு தலை இல்லாத ஊருக்கு வண்டி விட்டா டீசலுக்கே ஆவாது."

"அது நடந்து எட்டு வருஷம் ஆச்சி. எங்க ஊரு சும்மா இருக்கல, பெத்துக்கினுதான் இருக்குது," என்றான் தேசப்பன்.

முதலாளி சிரித்தார். "இருக்கலாம். பர்மிட்டுக்கு எழுதிப் போடறேன். ஆபீஸர் ஒருத்தர் வந்து பாப்பாரு. ரோடு எப்படி, ஜனம் எத்தினின்னு அவரு ரிப்போர்ட்டு குடுத்தா, நான் ரெடி."

வெளியே வந்தால் எதிர்ச் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம் புது வர்ணத்தில் பளபளத்தது. தேசப்பன் அதன் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான்.

"இன்னா அண்ணா பேஜாரு இது? இந்தச் சொவுத்துல ஜனம் ஜாஸ்தின்றான். அந்த ஷெட்டுல ஜனம் பத்தலைன்றான். மனுசன் பெத்துக்கறதா வாணாவா? வரப்போற மருமவ வேற இந்த முக்கோணத்து ஆளு. அது வந்து ஊர்ல ஜனத்தைக் கொறைச்சிட்டா, வந்த பஸ்ஸும் நின்னுடப் போவுது."

எனக்கும் சிரிப்பு வந்தது. மீசையைத் துடைப்பதுபோல் வாயை மறைத்துக்கொண்டேன்.

ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை ஆபீசர் வருவதாகச் செய்தி வந்தது. செய்தி வந்த அன்று சாயங்காலமே பிள்ளையார் கோயில் வாசலில் ஊர் கூடியது. தேசப்பன் ஒரு யோசனையோடு வந்திருந்தான். மாமியார் ஊரிலிருந்து இரண்டு வண்டி ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவானாம். சோறு போட்டால் போதுமாம். ஆபீசர் தெருவில் நடக்கும்போது அவர்கள் இந்த வீட்டில் ஒரு தடவை, அந்த வீட்டில் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார்களாம். கூட்டத்தில் பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள்.

"இரவல் நகை போட்டுக்கினு வர்றவன் ஊட்ல நான் சம்பந்தம் வெச்சிக்க மாட்டேன்," என்றேன். "இரவல் ஜனத்தைக் காட்டி பஸ்ஸு வாங்கறதும் அதேதான். இருக்கறதைக் காட்டுவோம். வந்தா வரட்டும்."

"வராங்காட்டி?" என்று கேட்டான்.

"வரும்."

பேச்சு அதோடு முடிந்தது.

புதன்கிழமைக்கு முந்திய ஞாயிறு எங்கள் ஊரின் பெரியபாளையத்து நாள். ஆடி மூன்றாம் ஞாயிறு தும்பைப்பேடு முழுவதும் வண்டி கட்டிக்கொண்டு பவானி அம்மனிடம் போய்விடும். குழந்தை, கிழவி, நோயாளி யாரும் பாக்கியில்லை. ஆற்றங்கரை மாந்தோப்பில் இறங்கி, பொங்கல் வைத்து, வேண்டுதல் உள்ளவர்கள் வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றி வருவார்கள். அன்று ஊரில் அடுப்பு எரியக் கூடாது. கதவைப் பூட்டக் கூடாது. புறப்படும்போது ஒவ்வொருவரும் தன் கையால் ஒரு வேப்பங்கொத்தை வாசல் நிலைக்கு மேலே செருகிவிட்டுப் போக வேண்டும். கைக்குழந்தைக்கு அதன் தாய் செருகுவாள். திரும்பி வந்ததும் தன் கொத்தைத் தானே எடுத்துக் குடத்துத் தண்ணீரில் போட்டு, அதில் கால் கழுவிக்கொண்டு உள்ளே போக வேண்டும். யார் யார் வீடு திரும்ப வேண்டும் என்று ஆத்தாளுக்குக் கணக்குச் சொல்லிவிட்டுப் போகிறோம் என்பார்கள்.

அன்று கோயிலுக்குப் போகாத ஆள் ஒருவர்தான். பெரிய வீட்டுத் தலைவர். திறந்து கிடக்கும் ஊருக்கு அவர் காவல். கடைசி வண்டி திரும்பும்வரை எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. என் அப்பா இருந்தார், அப்பாவுக்குப் பிறகு நான். ஊரே தன் கதவைத் திறந்துபோட்டு ஒருவனை நம்பிப் போகிறது என்றால் அதைவிடப் பெரிய மரியாதை எது?

அந்த ஞாயிறு, வண்டிகள் போய்ப் புழுதி அடங்கியதும், எல்லைப் புங்கமரத்தடியில் நார்க்கட்டிலைப் போட்டு உட்கார்ந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஓடைப் பக்கம் ஒரு ஜீப் உறுமும் சத்தம் கேட்டது. மணலில் முக்கி முனகி ஏறி வந்து மரத்தடியில் நின்றது. கால்சட்டை போட்ட ஒருவர் இறங்கினார். கூடவே மஞ்சள் சேலை கட்டிய ஒரு அம்மாள், பின்னால் டிரைவர்.

"இதுதானே தும்பைப்பேடு? நான் சுப்பராயன். பஸ் ரூட் விஷயமா வரச் சொல்லியிருந்தாங்க."

நான் கட்டிலை விட்டு எழுந்தேன். "புதன்கெழமைன்னு சொன்னாங்களே."

"ஆமா. இன்னிக்கி இவங்களுக்குப் பெரியபாளையத்துல வேண்டுதல். எப்படியும் இந்தப் பக்கம் வர்றோமே, ஞாயித்துக்கிழமைன்னா எல்லாரும் வீட்ல இருப்பாங்க, பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்." தெருவை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பார்த்தார். கதவெல்லாம் திறந்திருக்க, ஒரு தலை இல்லை. "ஊர்ல யாரும் இல்லையா?"

"நான் இருக்கேன்."

"உங்களைத் தவிர?"

"பெரியபாளையம் போயிருக்காங்க."

"ஒரு கோழி கூடக் காணோமே."

"அதுங்களும் போயிருக்குது. அதுங்க திரும்பி வராது."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். அவர் ஆபீசரின் மனைவி, பெயர் சந்திரகலா என்று பிறகு தெரிந்தது. வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்க அன்று எனக்கு வழியில்லை. பெரிய வீட்டு வாசலுக்கு வந்த விருந்தாளிக்கு அடுப்பு மூட்ட முடியாமல் நின்றது அந்த ஒரு முறைதான். காரணத்தைச் சொல்லி, முந்தின நாள் கரைத்து வைத்த கேழ்வரகுக் கூழும், மோரும், மாவடு ஊறுகாயும் கொண்டுவந்து வைத்தேன். அம்மாள் இரண்டாவது சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தார். சுப்பராயன் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"பெரியவரே, நான் பாத்ததைத்தானே எழுத முடியும்? பாத்தது ஒரே ஒரு ஆளு. ஒரு ஆளுக்கு பஸ் விடுங்கன்னு எப்படி எழுதறது?"

"புதன்கெழமை வாங்க. ஊரே நிக்கும்."

"புதன்கிழமை வேற எடத்துக்குப் போட்டுட்டேன். இனிமே இந்தப் பக்கம் தீபாவளி கழிச்சித்தான்."

தீபாவளி கழித்து என்றால் மழை. ஓடையில் தண்ணீர் போகும், ஜீப்பே வராது. தை கை நழுவிப் போகும். கும்மிடிப்பூண்டியில் சாமி அலமாரிக்குக் கீழே இருக்கும் பழத்தட்டு என் கண் முன்னால் வந்தது.

அப்போது அம்மாள் தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இது இன்னாங்க, ஊட்டுக்கு ஊடு வாசல்ல இப்படி வேப்பிலை? எங்க திருவள்ளூர்ப் பக்கம் தோரணமாத்தான் கட்டுவோம். இங்க ஒண்ணொண்ணாச் செருகியிருக்குது."

நான் வழக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். ஆளுக்கு ஒரு கொத்து, அவரவர் கையால். சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கு முதுகு நிமிர்ந்தது.

"ஐயா, எங்க ஊரு எங்கயும் போகல. வாசல்லதான் கீது. எண்ணிப் பாருங்க."

சுப்பராயன் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அம்மாள் அதற்குள் முதல் வீட்டு வாசலுக்குப் போய் விரல் நீட்டி எண்ணத் தொடங்கிவிட்டார். டிரைவரும் சேர்ந்துகொண்டான். வேறு வழியில்லாமல் ஆபீசரும் பேனாவைத் திறந்தார்.

வீடு வீடாகப் போனோம். நான் வீட்டுக்காரன் பெயரைச் சொல்வேன், அவர்கள் எண்ணுவார்கள். குழந்தைகளின் கொத்து சின்னது. கிழவிகள் எட்டிச் செருக முடியாமல் நிலையின் பக்கவாட்டில் செருகியிருந்தார்கள். ஒரு வாசலில் இரண்டு கொத்துகள் நூலால் சேர்த்துக் கட்டியிருந்தன.

"இது ஒண்ணா, ரெண்டா?" என்றார் சுப்பராயன்.

நான் சொல்லத் தயங்கினேன். அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. "ரெண்டுங்க. ஒண்ணு வெளிய கீது, ஒண்ணு உள்ள கீது."

"பொறக்காததை எல்லாம் எழுத முடியாது."

"நீங்க ரிப்போர்ட்டு எழுதி, அது மேல போய், பஸ்ஸு வர்றதுக்குள்ள அது பொறந்து நடக்கவே ஆரம்பிச்சிடும். எழுதுங்க."

எழுதினாரா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

தெரு முடிந்ததும் கையை நீட்டினார். "அங்க, ஓடைக்குப் பக்கத்துல இருக்கற குடிசைங்க?"

"காலனி. அதுவும் எங்க ஊருதான்," என்றேன். நானே முன்னால் நடந்தேன். அந்தப் பக்கம் நான் நடந்து போனதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அன்றும் பார்க்க ஆள் இல்லை. ஆனால் அங்கே கொத்துகள் தெருவைவிட நெருக்கமாக இருந்தன. ஒரு குடிசையின் தாழ்ந்த கூரையில் இலை மறைத்துக் கதவே தெரியவில்லை. பஸ்ஸுக்கு வேண்டிய ஐந்நூறு இந்தப் பக்கமும் சேர்ந்தால்தான் வரும் என்று எனக்கு அங்கே நிற்கும்போது தெரிந்தது.

கடைசியில் கூட்டிப் பார்த்தார்கள். ஐந்நூற்று முப்பதைத் தாண்டியது. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் சுப்பராயன் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "கோவிச்சிக்காதீங்க. இது வேப்பிலை. காலையில நாலு மரத்தை மொட்டையடிச்சி யாரு வேணா செருகலாம். ஒரு வீட்டையாவது சரி பாக்கணும். நானும் பெரியபாளையம்தானே போறேன்." தெருவைத் திரும்பிப் பார்த்தார். "அதோ, அந்த நீலக் கதவு வீடு. அங்க பதினொண்ணு எண்ணினேன். வீட்ல பதினோரு பேரா?"

நீலக் கதவு தேசப்பனுடையது. எண்ணும்போது நான் அம்மாளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கவில்லை. இப்போது பார்த்தேன். பதினொன்றுதான். தேசப்பன், அவன் பெண்டாட்டி, அவன் அம்மா, ஐந்து பிள்ளைகள். எட்டுக்கு மேல் எப்படிப் பார்த்தாலும் வராது. இரவல் ஜனம் கொண்டுவருகிறேன் என்றவன் இரவல் கொத்துச் செருகிவிட்டான் என்று நினைத்தேன்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்லி வாங்கிய பஸ்ஸில் என் வீட்டு மருமகள் ஏறி வர வேண்டாம்.

"எனக்குத் தெரிஞ்சி எட்டுப் பேருதான்," என்றேன்.

அவர் புருவம் உயர்ந்தது. "அப்போ மத்த வீட்டுக் கணக்கு?"

"ஆத்தங்கரை மாந்தோப்புல எங்க வண்டிங்க நிக்கும். போய் நீங்களே கேளுங்க."

"நீங்களும் ஜீப்புல ஏறுங்க பெரியவரே," என்றார் அம்மாள். "உங்க ஆளுங்களை நீங்க காட்டினா வேலை சுலுவா முடிஞ்சிடும்."

"வண்டிங்க திரும்பற வரைக்கும் நான் எல்லையைத் தாண்டக் கூடாதும்மா."

"பஸ்ஸு போனாலுமா?"

"போனாலும்."

ஜீப் போய்விட்டது. அதன்பின் அந்தப் பகல் எனக்கு நகரவே இல்லை. கட்டிலில் உட்கார முடியவில்லை. நீலக் கதவு வீட்டு வாசலுக்கு நாலைந்து முறை போய் எண்ணினேன், பதினொன்று பதினொன்றாகவே இருந்தது. மூன்று கொத்தைப் பிடுங்கிப் போட்டால் என்ன என்று கை துடித்தது. ஊராருடைய கொத்தைக் காவல்காரன் தொடுவதா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பி வந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் பம்பைச் சத்தம் கேட்டது. பிறகு வண்டி மாடுகளின் சலங்கை. ஓடையிலிருந்து புழுதியும் கூச்சலும் எழுந்து வந்தன. முதலில் எங்கள் வில்வண்டி. அதில் கெங்கம்மாளோடு சந்திரகலா அம்மாள், நெற்றி நிறையக் குங்குமத்தோடு, மடியில் யாருடைய குழந்தையோ. அதற்குப் பின்னால் நான் கண்ட காட்சி இன்றும் எனக்குச் சிரிப்பு மூட்டுகிறது. எனக்குச் சேதி சொல்ல வந்து ஓடை மணலில் புதைந்துவிட்ட சர்க்கார் ஜீப்பைத் தேசப்பனின் இரண்டு மாடுகள் கயிற்றில் இழுத்துவந்தன. தெருவும் காலனியும் பின்னால் நின்று ஒன்றாகத் தள்ளின. தேசப்பன் ஜீப்பின் மூக்கின் மேல் உட்கார்ந்து தாற்றுக்கோலைச் சுழற்றிக்கொண்டிருந்தான். சுப்பராயன் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, மணல் அப்பிய காலோடு, அவரும் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அண்ணா, பஸ்ஸு வந்துடுச்சி," என்று கத்தினான் தேசப்பன். "கொஞ்சம் சின்னதா கீது. வளத்துக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"டேய், உன் வாசல்ல இன்னாடா பதினொண்ணு?"

"எட்டுப் பேரு நாங்க. ரெண்டு மாடு. ஒரு நாயி."

"மாட்டுக்கு எதுக்குடா கொத்து?"

"நல்லாக் கேட்ட போ. எட்டு மைலு எங்களை இழுத்துக்கினு போறது யாரு? நாங்க மட்டும் ஊடு வந்து சேரணும், அதுங்க வந்து சேர வாணாவா? நாயி எப்பவும் தானாப் பின்னாலயே வரும், அத்தை மட்டும் உடறதா? ரெண்டு வருஷமா அதுங்களுக்கும் செருகிக்கினுதான் இருக்கேன். உன் கண்ணுல இப்பத்தான் பட்டுச்சி."

சுப்பராயன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"பெரியவரே, தோப்புல போயி இந்த ஆளு வீட்ல எத்தனை பேருன்னு கேட்டேன். எட்டுன்னாரு. நீங்க சொன்ன அதே எட்டு. அப்போ வாசல்ல பதினொண்ணு எப்படின்னேன். மாட்டைக் கூட்டியாந்து நிறுத்தினாரு, நாயைக் கூப்பிட்டாரு, அது வாலை ஆட்டிக்கினு வந்து பக்கத்துல உக்காந்துச்சி. மாட்டைக் கூட விடாம ஆத்தாகிட்ட கணக்கு சொல்ற ஆளு, மனுசனைப் பொய்யா சொல்ல மாட்டான். அப்புறமும் நான் விடல. பந்தியில உக்காந்தவங்களை எண்ணினேன். இன்னும் நாலு வீட்டைப் பேரு சொல்லிக் கேட்டேன். எல்லாம் சரியா இருக்குது."

"அப்போ?"

"மாட்டைக் கழிச்சேன். நாயைக் கழிச்சேன். உங்களைச் சேத்தேன். நீங்க உங்களுக்குக் கொத்து வெக்கலியே. அப்பவும் ஐந்நூறு தாண்டுது." ஓடைப் பக்கம் கையைக் காட்டினார். "ஆனா அந்த மணல்ல பஸ் ஏறாது. இன்னிக்கி எனக்கே தெரிஞ்சி போச்சி. கல்லு போட்டுக் கெட்டி பண்ணுங்க. ஜனத்துக்கு நான் எழுதறேன், ரோட்டுக்கு நீங்க பொறுப்பு."

"பண்ணிட்டாப் போச்சி," என்றேன். கும்மிடிப்பூண்டியில் கொடுத்ததற்குப் பிறகு இது என் இரண்டாவது சொல்.

வீடுகளில் கொத்துகள் இறங்கி, கால் கழுவி, முதல் அடுப்பு புகைந்தது. ஆபீசருக்குக் காப்பி எங்கள் வீட்டிலிருந்து போனது.

மறுநாளிலிருந்தே ஓடையில் வேலை. கல் உடைத்தவர்கள், வண்டியில் செம்மண் கொண்டுவந்தவர்கள், கூடை மாற்றிய பெண்கள் என்று ஒரு திருவிழாவாகவே நடந்தது. காலனி ஆட்கள்தான் கல்லைப் பாவுவதில் கெட்டி. தெருக்காரர்கள் அவர்கள் சொன்னபடி கல் எடுத்துக் கொடுத்தார்கள். துளசிராமன் எல்லோருக்கும் முந்தி வந்து எல்லோருக்கும் பிந்திப் போனான். அவன் அவசரம் எதற்கென்று தெரியாதவர்கள் ஊரில் இல்லை. "கல்லு கனமா மாப்ளே, தட்டு கனமா?" என்று பெண்கள் கேட்பார்கள். அவன் இன்னொரு கல்லைத் தூக்குவான். ஐப்பசி மழை பாதையின் ஓரத்தைக் கொஞ்சம் தின்றது. நடுவில் போட்ட கல் அசையவில்லை. கார்த்திகையில் பர்மிட் வந்தது. தை இரண்டாம் வாரம், வேப்பிலையும் சாமந்தியும் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்குப் பஸ் வந்து நின்றது.

அன்று கைக்குழந்தை முதல் கிழவிவரை எல்லோரும் மெயின் ரோடு வரை ஏறிப் போய்த் திரும்பி வந்தார்கள். "ஐந்நூறு தலைன்னாங்க, சரி. ஐந்நூறும் ஒரே ட்ரிப்புலயா ஏறணும்?" என்றார் டிரைவர் யேசுதாஸ்.

அந்த வார முகூர்த்தத்துக்கு அதே பஸ்ஸை வாடகைக்குப் பேசி, கும்மிடிப்பூண்டிக்குப் பெண் அழைக்கப் போனோம். தெருமுனையிலேயே யேசுதாஸ் ஹாரனில் கை வைத்தவர், பரசுராமன் வீட்டு வாசலில்தான் எடுத்தார். வாசலுக்கு வந்த பரசுராமன் பஸ்ஸை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார். நெற்றிப் பலகையில் எழுதியிருந்த 'தும்பைப்பேடு' என்ற பெயரை வாய்விட்டுப் படித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"இன்னா சம்பந்தி, உங்க வில்வண்டியைக் காணோம்?"

"வந்துக்கினு கீது," என்றேன். "நாளைக்கு வந்து சேரும்."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே போய் அதே பழத்தட்டை, புதுப் பழமும் வெற்றிலையும் வைத்து, இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

குணசுந்தரி எங்கள் வீட்டுக்கு வந்து, காலை வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய், மாலை வண்டியில் திரும்பினாள். அவளுக்காக ஜன்னலோரத்து இடம் ஒன்று எப்போதும் காலியாக இருக்கும். யாரும் அதைச் சொல்லி ஏற்பாடு செய்யவில்லை.

அடுத்த ஆடி மூன்றாம் ஞாயிறு வந்தது. கொஞ்சம் பேர் வண்டியிலும் கொஞ்சம் பேர் காலை பஸ்ஸிலுமாக ஊர் புறப்பட்டுப் போனது. நான் வழக்கம்போல் எல்லைக்குப் போகுமுன் தெருவை ஒரு சுற்றுப் பார்த்தேன். தேசப்பன் வீட்டில் பன்னிரண்டு. புதிதாக வாங்கிய கன்றுக்குட்டிக்கும் ஒன்று. கடைசியாக என் வீட்டு வாசலுக்கு வந்தேன். கெங்கம்மாளுடையது, துளசிராமனுடையது. அடுத்தது மருமகளுடைய கொத்து.

அது ஒன்றாக இல்லை. இரண்டு கொத்துகள் சேர்த்துக் கட்டியிருந்தன. கட்டியிருந்தது நூல்கூட இல்லை, ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றும் வெள்ளைத் துணியில் மெல்லியதாகக் கிழித்த ஒரு நாடா. முடிச்சு அத்தனை நேர்த்தியாக இருந்தது.

வீட்டில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. மாமனாரிடம் சொல்லும் முறை எங்கள் வீட்டில் இல்லை. வாசலில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அன்று மட்டும் அடுப்பு மூட்டலாம் என்றிருந்தால் நானே பாயசம் வைத்திருப்பேன்.

உச்சிப் பொழுதுக்கு பஸ் வந்தது. திறந்த கதவுகளும் வேப்பிலையுமாகத் தெரு வெறிச்சென்று கிடந்தது. யேசுதாஸ் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"இன்னா பெரியவரே, இத்தாம் பெரிய ஊர்ல ஒரு டிக்கெட்டு கூட இல்லியா?"

"இன்னிக்கி இல்ல," என்றேன். "அடுத்த வருசம் வா. எங்க ஊட்லருந்து ஒண்ணு ஜாஸ்தி ஏறும்."

அவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு சிரித்தார். பிறகு ஹாரனில் கை வைத்தார். ஆளில்லாத தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அந்தச் சத்தம் போய் வந்தது. நான் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஊருக்குக் காவலிருந்தேன்.